நடுக்கடலில் முதல் சண்டை

எங்கள் அம்மாவும் அண்ணியும் ஒரே வீட்டில் இருந்த இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடச் சண்டை போட்டதில்லை. கேட்கிறவர்கள் கண்ணு பட்டுவிடும் என்பார்கள். அதே வீட்டில் இருக்கும் மகள் எனக்குத்தான் உண்மை தெரியும். அவர்கள் சண்டை போடாததற்குக் காரணம், அவர்கள் பேசிக்கொள்வதே இல்லை. எல்லாப் பேச்சும் என் அண்ணன் வழியாகத்தான் போகும், அவன் வழியாகத்தான் வரும்.

அண்ணனுக்கு வாஷிங் மெஷின் விற்கும் ஒரு கம்பெனியில் புகார் கேட்கும் வேலை. ஃபோனில் ஒருவர் காது கிழியத் திட்டுவார். இவன் "உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது சார்" என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, மெக்கானிக்கைக் கூப்பிட்டு "உங்களை ஆவலா எதிர்பார்த்துட்டிருக்கார்" என்பான். ஆபீசில் இதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் சும்மாவே செய்தான். நான் அவனுக்கு வைத்த பெயர் சமாதானம்.

"உன் பொண்டாட்டி மீனைக் கரியாக்கி வச்சிருக்கா, வாயில வைக்க முடியல" என்று அம்மா சொன்னால், சமாதானம் அண்ணியிடம் போய், "அம்மாவுக்கு இன்னைக்குப் பசியில்லையாம்" என்பான். "உங்கம்மா கதவைத் தட்டாம ரூமுக்குள்ள வர்றாங்க, சொல்லி வைங்க" என்று அண்ணி சொன்னால், அம்மாவிடம் வந்து, "அவளுக்குத் தலைவலிம்மா, கொஞ்சம் தனியா படுத்திருக்கட்டும்" என்பான். இப்படிப் பூசி மெழுகியே வருடங்கள் ஓடின.

விளைவு என்னவென்றால், அம்மாவின் மனதில் அண்ணி ஒரு தீராத தலைவலிக்காரி. அண்ணியின் மனதில் அம்மா எதையோ கொறித்து உயிர் வாழும் ஜீவன். அண்ணியோ லிஃப்ட் பழுதுபார்ப்பவள், அந்தரத்தில் தொங்கிக்கொண்டு ஸ்பேனர் பிடிப்பவள். அம்மா காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். மேலே வீட்டில் 'பசியில்லை' என்று ஆகிவிட்டதால், கீழே என் சலூனுக்கு இறங்கி வந்து, நான் வாங்கி வைத்த ரொட்டியை ஒரு கை பார்த்துவிட்டுப் போவாள். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். சலூனில் நாள் முழுக்க வாயைத் திறந்தே வைத்திருப்பதால் வீட்டுக்கு வந்தால் எனக்கு வேடிக்கை பார்க்கத்தான் பிடிக்கும்.

ஓய்வு பெற்றவர்கள் செடி வளர்ப்பார்கள், பல்லைக் கட்டிக்கொள்வார்கள். அம்மா ஆற்றங்கரைப் படகு கிளப்பில் சேர்ந்தாள். கூடவே அவளுடைய பழைய கண்டக்டர் தோழியும். கொஞ்ச காலம் ஆற்றில் துடுப்பு வலித்த பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், "நாங்க ரெண்டு பேரும் பெருங்கடலைக் கடக்கப் போறோம், துடுப்பு போட்டு" என்றாள். உப்பை எடு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"எதுக்கும்மா?" என்றேன்.

"காலம் பூரா ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிறுத்தி நிறுத்தி ஓட்டியாச்சு. ஒருத்தனும் கை காட்டாத ஒரு ரூட்ல போகணும். அவ்வளவுதான்."

இந்தப் பைத்தியம் எங்கள் அம்மாவோடு தொடங்கியதல்ல என்பதை அவளே எங்களுக்கு விளக்கினாள். நூறு வருடத்துக்கும் முன்னால் சிப்பி அள்ளிப் பிழைத்த இரண்டு பேர், ஒரு திறந்த படகில் ஏறி, பாயும் இல்லாமல் இயந்திரமும் இல்லாமல், வெறும் துடுப்பால் பெருங்கடலைக் கடந்தார்களாம். பேரும் பணமும் கொட்டும் என்று கணக்குப் போட்டுப் போனார்கள். கொட்டவில்லை. உள்ளங்கை காய்த்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு எழுபது வருடம் அவர்கள் போல யாரும் கடக்கவில்லை. பிறகு இரண்டு ராணுவ வீரர்கள் கடந்தார்கள். அதே வருடம் கிளம்பிய இன்னொரு ஜோடியின் படகு மட்டும் கவிழ்ந்த நிலையில் கிடைத்தது, ஆட்கள் கிடைக்கவில்லை. இந்தக் கடைசி வரியை அம்மா கொஞ்சம் வேகமாகச் சொல்லித் தாண்டினாள். இப்போதெல்லாம் வாத்தியார், பல் டாக்டர், பேக்கரிக்காரர் என்று யார் யாரோ போகிறார்களாம். ஆனாலும் உலகத்தின் உயரமான மலையில் ஏறியவர்களைவிட இதைச் செய்தவர்கள் ரொம்பக் குறைவாம். அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் ஒரு களை வந்தது. அம்மாவுக்குக் கூட்டமே ஆகாது. கூட்டமான பஸ்ஸையே ஓட்டி ஓட்டி அலுத்தவள்.

படகை முன்பதிவு செய்து, பயிற்சி எல்லாம் தொடங்கிய பிறகு கண்டக்டர் தோழி தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். அம்மா இடிந்து போனாள். தினமும் சாயங்காலம் அதே புலம்பல். கேட்டுக் கேட்டு அண்ணி ஒருநாள் அறைக்குள் அண்ணனிடம் வெடித்தாள். "இதை டெய்லி கேக்குறதுக்கு நானே போய் அந்தத் துடுப்பைப் போட்டுட்டு வந்துடலாம்!"

சமாதானம் வெளியே வந்து, "அம்மா, உன்கூட வர அவ தயாரா இருக்கா" என்றான்.

"அவளா? அந்தத் தலைவலியை வச்சுக்கிட்டா? கரையைத் தாண்ட மாட்டா."

சமாதானம் உள்ளே போய், "நீ வந்தா நல்லா இருக்கும்னு அம்மா நினைக்கிறாங்க, உன் உடம்பைப் பத்தித்தான் கவலையாம்" என்றான்.

அவ்வளவு மரியாதையாக அழைத்த மாமியாரிடம் அண்ணியால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அவ்வளவு ஆசையாக முன்வந்த மருமகளை அம்மாவாலும் தட்ட முடியவில்லை. மனிதர்கள் பெருங்கடலுக்குள் இறங்குவதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். எங்கள் வீட்டில் நாகரிகத்துக்குப் பயந்து இறங்கினார்கள். ஆனால் முதல் நாள் ஆற்றுக்குப் போய்விட்டு வந்த அண்ணி, ஈரத் துண்டோடு என் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, "நான் இதுவரைக்கும் மேலயும் கீழயும்தான் போயிருக்கேன். இப்படிப் படுக்கையா போனதே இல்ல. நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

பயிற்சி காலத்தில் இவர்கள் குட்டு உடைந்துவிடும் என்று நான் காத்திருந்தேன். உடையவில்லை. காரணம் அந்த வேலையின் முறை. பெருங்கடலில் இரவு பகல் கிடையாது. ஒருவர் இரண்டு மணி நேரம் துடுப்பு வலிக்கும்போது மற்றவர் கேபினுக்குள் தூங்க வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் விழித்திருந்தால் மற்றவர் தூக்கம். மாறும்போது "ம்" "ம்" என்று இரண்டு சத்தம், அவ்வளவுதான். சொல்லப்போனால் எங்கள் வீட்டு ஏற்பாடேதான், தண்ணீரில் மிதந்தது. கிளப் கோச் வியந்து போனார். "எவ்வளவோ ஜோடியைப் பார்த்திருக்கேன், இப்படி ஒரு முகச்சுளிப்புகூட இல்லாத ஜோடியைப் பார்த்ததில்ல" என்றார். அண்ணன் பூரித்துப் போனான்.

இவர்களை அனுப்பும் பயண ஏற்பாட்டாளர்கள் ஒரு கடுமையான விதி வைத்திருந்தார்கள். கிளம்பிய பிறகு யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது. எதிரில் வரும் கப்பல் ஒரு பழத்தைத் தூக்கிப் போட்டாலும் பிடிக்கக் கூடாது. உதவிக்கு ஆளைக் கூப்பிட்டால் வந்து காப்பாற்றுவார்கள், ஆனால் கடந்ததாகக் கணக்கில்லை. பேசுவதற்குச் சாட்டிலைட் ஃபோன் மட்டும் உண்டு. கரையில் ஒருவர் அதைக் கேட்டு, வானிலை சொல்ல வேண்டும். அதற்கு யாரைப் போட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் கிளம்பிய பிறகு எங்கள் சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லை. கடல் வரைபடம், குண்டூசி, நடுவில் ஃபோன். அம்மா ஓய்வில் இருக்கும்போது அம்மா கூப்பிடுவாள். அண்ணி ஓய்வில் இருக்கும்போது அண்ணி கூப்பிடுவாள்.

"அவகிட்ட சொல்லு, துடுப்பைக் கிணத்துல வாளி விடுற மாதிரி விடுறா. படகு இழுக்குது."

அடுத்த ஷிப்டில் அண்ணன் அண்ணியிடம், "அம்மா சொல்றாங்க, பிரமாதமா வலிக்கிறியாம். கொஞ்சம் மேலா விட்டா உனக்கே சுகமா இருக்குமாம்" என்பான்.

யோசித்துப் பாருங்கள். படகில் இருவருக்கும் நடுவே கை நீட்டினால் தொடுகிற தூரம். அம்மா சொன்னது வானத்துக்கு ஏறி, எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு இறங்கி, தேன் தடவிக்கொண்டு, மறுபடி வானத்துக்கு ஏறி, அதே படகில் போய் விழுந்தது. விஞ்ஞானிகள் இதற்குத்தான் ராக்கெட் விட்டார்களா என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டே கிடந்தேன்.

துணி விவகாரம் இன்னும் மோசம். உப்பு படிந்த துணி உரசி உரசி உடம்பெல்லாம் புண்ணாகிவிடும், அதனால் நடுக்கடலில் பலரும் பிறந்த மேனிக்குத்தான் துடுப்பு வலிப்பார்களாம். "இனிமே என்னால முடியாது, கழட்டிடப் போறேன், உங்கம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றாள் அண்ணி. சமாதானம் காது வரை சிவந்தான். அம்மா கூப்பிட்டபோது, "அவ ஷிப்ட்ல வெளிய எட்டிப் பார்க்காதம்மா, வெயில் கண்ணுக்குக் கெடுதல்" என்றான். மறுநாளே அம்மாவும் அதே விண்ணப்பத்தோடு வந்தாள். அண்ணிக்கும் அதே கண் வைத்தியம்தான். இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அம்மணமாகத் துடுப்பு வலித்து, ஷிப்ட் மாறும் நேரத்தில் மட்டும் அவசர அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டார்கள்.

என் சிரிப்பு ஒரு மத்தியானம் நின்றது. சலூனுக்கு அன்று விடுமுறை. அம்மாவின் குரல் ஃபோனில் கம்மிப் போயிருந்தது.

"துடுப்புப் பிடி உள்ளங்கையைக் கிழிச்சிருச்சுடா. உப்புத்தண்ணி பட்டுச் சீழ் வச்சிருக்கு. மணிக்கட்டைத் தாண்டி வீக்கம். கிளவுஸ் போட்டு மறைச்சிருக்கேன். அவகிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா உடனே கப்பலைக் கூப்பிட்டுடுவா. எல்லாம் போயிடும்."

"காய்ச்சல் இருக்காம்மா?" என்று நான் கத்தினேன்.

"லேசா," என்றாள். எங்கள் வீட்டில் 'லேசா' என்ற சொல்லை நம்பக் கூடாது.

இரண்டு மணி நேரம் கழித்து அண்ணி. "உங்கம்மாவுக்கு என்ன ஆச்சு? கிளவுஸைக் கழட்டவே மாட்டேங்குறாங்க. தூக்கத்துல முனகுறாங்க. நானா கேட்டா தப்பா எடுத்துப்பாங்க, நீங்க கேட்டுச் சொல்லுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு ஃபோனைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, கொஞ்சம் அசதியாம்" என்றான்.

"பின்ன, சாப்பிடாம இருந்தா அசதியா இருக்காதா?" என்று சொல்லிவிட்டு அண்ணி வைத்துவிட்டாள்.

என் அம்மா செத்துப்போய்விடுவாள் என்று நிஜமாகவே பயந்தேன். கிழிந்த கைக்கு மருந்து அதே படகில், அண்ணியின் கைக்கெட்டும் பெட்டியில் இருந்தது. கேட்க ஒரு வாய் போதும். "டேய் அண்ணா, என்னடா பண்ற நீ?" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"சொன்னா சண்டை வரும்."

"வரட்டுமே!"

"உனக்குத் தெரியாது, நீ அப்ப கைக்குழந்தை. அப்பாவும் அம்மாவும் மனசுல இருந்ததை எல்லாம் ஒரே நாள்ல கொட்டித் தீர்த்தாங்க. நான் நடுவுலதான் நின்னுட்டிருந்தேன். அப்பா சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போனாரு. போனவர்தான்." அவன் வரைபடத்துக் குண்டூசியைப் பிடுங்கிப் பிடுங்கிக் குத்தினான். "ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கிட்டா யாராவது ஒருத்தர் போயிடுவாங்க. அதுக்குத்தான் இத்தனை வருஷமா நான்..."

இவ்வளவு காலம் நான் அவனைக் கிண்டல் செய்ததெல்லாம் நெஞ்சில் குத்தியது. ஆனால் என் வாய் என் வாய்தான். "நடுக்கடல்ல எவ எங்கடா போவா?" என்றேன்.

அவன் என்னை வெறித்துப் பார்த்தான். அவன் அந்தப் பக்கம் யோசித்ததேயில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நான் படகு ஃபோனுக்கு அடித்தேன். ஓய்வு நேரமாதலால் கேபினில் இருந்த அண்ணி எடுத்தாள். போட்டு உடைத்துவிட்டேன். "அண்ணி, அம்மா கையில சீழ் வச்சு முழங்கை பக்கம் ஏறுது. உங்ககிட்ட மறைக்கிறாங்க. நாங்களும் மறைச்சோம்."

தொப்பென்று ஏதோ விழும் சத்தம். ஃபோனை அப்படியே போட்டுவிட்டு வெளியே பாய்ந்துவிட்டாள் போல. ஆனால் அது அணையவில்லை. காற்றும் தண்ணீரும் இரைய, எங்கள் குடும்பத்தின் முதல் சண்டை ஸ்பீக்கரில் நேரடியாக வந்தது.

"அத்தை, கிளவுஸைக் கழட்டுங்க."

"ஐயோ, நான் துணியில்லாம இருக்கேன்! உள்ள போம்மா!"

"நானும்தான் துணியில்லாம இருக்கேன்! கையைக் காட்டுங்க முதல்ல!"

அம்மா வலியில் 'ஸ்ஸ்' என்றாள். பிறகு அண்ணியின் குரல், நான் கேட்டறியாத குரல். "பைத்தியமா உங்களுக்கு? இந்தக் கையை வச்சுக்கிட்டா ரெண்டு நாளா துடுப்பு போட்டீங்க?"

"சொன்னா நீ திரும்பிடலாம்பே. உனக்கென்ன, எப்ப பாரு தலைவலின்னு படுக்கறவ!"

"எனக்கா? எனக்குப் பொறந்ததுல இருந்து தலைவலியே வந்ததில்ல! பசியே எடுக்காத நீங்க பேசாதீங்க!"

"எனக்கா பசி எடுக்காது? உன் பங்கு சாப்பாட்டுப் பாக்கெட்லயும் ரெண்டு தின்னுட்டேன்!"

"அது நீங்களா? நான் எண்ணிக்கையில தப்பு பண்ணிட்டேன்னுல்ல நினைச்சேன்!"

அண்ணன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தலைவலின்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

"எனக்குப் பசியில்லைன்னு உனக்கு யார் சொன்னா?" என்று அம்மாவும் கேட்டாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில், அந்தப் பெருங்கடலே கேட்கும்படி, என் அண்ணனின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

பயண ஏற்பாட்டாளர்களின் டாக்டர் ஃபோனில் சொல்லச் சொல்ல, அண்ணி கீறிச் சீழை எடுத்தாள். அம்மா போட்ட கூச்சலில் எந்தத் திமிங்கிலமும் அந்தப் பக்கம் வந்திருக்காது. மாத்திரை கொடுத்த பிறகு பேரம் தொடங்கியது. கப்பலைக் கூப்பிடுவேன் என்றாள் அண்ணி. கூப்பிட்டால் கடலில் குதிப்பேன் என்றாள் அம்மா. "குதிங்க, கை எரியும்" என்றாள் அண்ணி. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கை ஆறும் வரை அண்ணி துடுப்பு, அம்மா இடது கையால் சுக்கான். காய்ச்சல் ஏறினால் கப்பல், அதில் மறுபேச்சு கிடையாது. பொய் சொன்னாலும் கப்பல்.

"எதுக்கும்மா உனக்கு இவ்வளவு பிடிவாதம்?" என்று நான் கேட்டேன்.

"பஸ்ல முன்னாடி மட்டும்தான் பார்க்கணும். இங்க துடுப்பு போடுறப்போ போற திசைக்கு முதுகைக் காட்டி உட்காரணும். தாண்டி வந்ததை மட்டும்தான் பார்க்க முடியும். எவ்வளவு தூரம் வந்திருக்கேன்னு எனக்கு இப்பத்தாண்டி தெரியுது." அம்மா அழுதாளா என்று தெரியவில்லை. அலையின் இரைச்சல் அதிகமாக இருந்தது.

அண்ணனுக்கு அன்றோடு தூது வேலை பறிபோனது. வானிலை மட்டும் சொன்னால் போதும் என்றார்கள். அதிலும் புயல் வரும் அன்று "கொஞ்சம் சிலுசிலுன்னு இருக்கும்" என்றான். அந்த வேலையையும் பிடுங்கி என்னிடம் கொடுத்தார்கள். நான் கத்தரிக்கோல் பிடிப்பவள், நறுக்கென்று சொல்லிவிடுவேன்.

அம்மாவின் கை ஆறியது. அவர்கள் நினைத்ததைவிடத் தாமதமாக, ஆனால் யாரிடமும் ஒரு பழம்கூட வாங்காமல் மறுகரையைத் தொட்டார்கள். நாங்கள் முன்னாலேயே விமானத்தில் போய்த் துறைமுகத்தில் நின்றோம். இரண்டு பேரும் கறுத்து, இளைத்து, தரையில் கால் பாவாமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் கடைசித் திருப்பத்தில் படகு மேடையில் இடித்தது யாரால் என்று தொடங்கிவிட்டார்கள்.

சண்டை ஹோட்டல் அறைக்குள்ளும் தொடர்ந்தது. படகு இடித்ததில் தொடங்கி, கரியான மீன், தட்டாத கதவு, வருடக்கணக்கில் தேங்கிக் கிடந்த எல்லாம் வந்தது. அண்ணன் சுவரோடு ஒட்டி நின்றான். இரண்டு தடவை வாயைத் திறந்தான், இரண்டு தடவையும் நான் அவன் காலை மிதித்தேன். அப்போது அம்மா, "உன்கிட்ட மனுஷி பேசுவாளா!" என்று கத்திவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, அறையை விட்டு வெளியே போய்விட்டாள்.

அண்ணனின் முகத்தில் ரத்தமே இல்லை. இது கடல் இல்லை. இங்கே போக வேண்டுமானால் போகலாம். அவன் கதவை நோக்கிப் போனான். அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருங்க" என்றாள். வராந்தாவில் அம்மாவின் காலடி தேய்ந்து தேய்ந்து மறைந்தது. எனக்கும் பயம் வந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு காலடி திரும்பி வந்தது. கதவு திறந்தது. அம்மா மூச்சு வாங்க நிலையைப் பிடித்துக்கொண்டு அண்ணியை நோக்கி விரலை நீட்டினாள்.

"இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன்!"

"சொல்லுங்க, எனக்கும் பாக்கி இருக்கு!" என்றாள் அண்ணி.

அண்ணன் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதான். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள்.

"இவனுக்கு என்னடி ஆச்சு?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல, சந்தோஷமா இருக்கான்" என்றேன். "நீங்க விட்ட இடத்துல இருந்து சண்டையைப் போடுங்க."